வெட்டுக்கு முந்தைய தாராவி: மூலக் காணொளிப் பதிவும் வரலாற்றுச் சான்றும்

மும்பைத் தமிழரைப் பற்றி ஆராய்வோர், தாராவி குறித்த ஆவணப்படங்களை அடிக்குறிப்பில் சான்றாகக் காட்டுவது இன்று இயல்பாகிவிட்டது. ஆனால், முடிக்கப்பட்ட படம் சான்று அன்று; சான்றுகளைக் கொண்டு எழுப்பப்பட்ட ஒரு வாதம். சான்று, படத்தொகுப்பாளரின் கணினியில் இருந்தது. 'இருந்தது' என்று இறந்த காலத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு.

ஆனந்த் பட்வர்தனின் 'ஹமாரா ஷஹர்' (1985) போன்ற படங்கள் உருவான காலத்தில் ஆவணப்படத்தின் ஊடகம் 16 மி.மீ. படச்சுருள். நானூறு அடிச் சுருள் ஏறத்தாழ 11 நிமிடம் மட்டுமே ஓடும். சுருளின் விலை கருதி, எதைப் பதிவது என்ற தேர்வு பெருமளவு படப்பிடிப்பின்போதே நிகழ்ந்துவிடும். 1995இல் டிஜிட்டல் வீடியோ கேசட் வந்தபோது இந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. ஒரு சிறு கேசட்டில் 60 நிமிடம் பதியலாம். பேசுபவர் தயங்கலாம், தேநீர் குடிக்கலாம், இடையில் வந்தவரோடு உரையாடலாம், கேமரா ஓடிக்கொண்டேயிருக்கும். 1999இல் ஃபைனல் கட் புரோ வெளியானபின், இப்பதிவுகளைத் தனியொருவர் தம் மேசைக் கணினியிலேயே தொகுக்க முடிந்தது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. கணினித் தொகுப்பில் 'வெட்டு' என்பது உண்மையில் வெட்டு அன்று. எந்தக் கோப்பில், எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிய வேண்டும் என்ற குறிப்புகளை மட்டுமே மென்பொருள் எழுதிவைக்கிறது. மூலப் பதிவு தீண்டப்படாமல் கிடக்கிறது. கோட்பாட்டளவில் வரலாற்றாசிரியருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. நடைமுறையோ வேறு. ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 13 ஜி.பி. இடத்தை அடைத்துக்கொண்டது, அன்றைய மேசைக் கணினியின் வன்தட்டோ பெரும்பாலும் பத்து, இருபது ஜி.பி. அளவுதான். எனவே படம் முடிந்ததும் மூலக் கோப்புகளை அழித்து இடம் தேடுவதும், கேசட்டின்மேல் அடுத்த படப்பிடிப்பைப் பதிவதும் வழக்கமாயின. அத்தகைய தொகுப்புக் கோப்பைப் பின்னர் திறந்தால், வெட்டுகளின் வரிசை அப்படியே தெரியும். காட்சி மட்டும் இராது. பதிப்பு அச்சானதும் சுவடியை அடுப்பில் இட்டதற்கு ஒப்பான செயல் இது.

இந்நிலைக்கு எதிரான முக்கியமான முயற்சி மும்பையைச் சார்ந்தே எழுந்தது. கேம்ப், மஜ்லிஸ், பாயின்ட் ஆஃப் வியூ ஆகிய மும்பை அமைப்புகளும், பெங்களூரின் ஆல்டர்நேட்டிவ் லா ஃபோரமும், பெர்லின் மென்பொருளாளர்களும் இணைந்து 2008இல் தொடங்கிய 'பத்.மா' இணைய ஆவணக்காப்பகம், முடிந்த படங்களைவிட மூலப் பதிவுகளையே முதன்மையாகக் கொண்டது. அதில் காணொளி தன் முழு நீளத்தில் கிடக்கும். பேச்சின் எழுத்துவடிவம், காட்சி விளக்கம், குறிச்சொற்கள் ஆகியவை நொடிக்கணக்கோடு பொருத்தப்பட்டிருக்கும். மொழியியல் மாணவருக்கு இவ்வடிவம் பழக்கமானதுதான்: நெதர்லாந்தின் நைமேகன் நகரில் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் உருவாக்கிய 'ஈலன்' மென்பொருளும் இப்படித்தான் பேச்சை நேரக்கோட்டின்மேல் அடுக்கடுக்காகக் குறிக்கிறது. இரு துறைகளும் தனித்தனியே நடந்து ஒரே இடத்தை அடைந்திருக்கின்றன.

தாராவிக்கு இது ஏன் முக்கியம்? திருநெல்வேலி வட்டாரத் தமிழ் வேரூன்றிய இடம் அது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கேட்கும் பாலக்காட்டுத் தமிழிலிருந்து அது வேறுபடும். ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பாருங்கள். கேள்வி இந்தியில் கேட்கப்படுகிறது. அந்த அம்மா தம் மகளிடம் திரும்பி, "எந்த வருசம்ட்டீ?" என்று தமிழில் கேட்டு உறுதிசெய்துகொண்டு, இந்தியில் விடை சொல்கிறார். தொகுப்பாளர் விடையை வைத்துக்கொள்வார். கேள்வியும் திரும்பலும் போய்விடும். அவர் தொழிலில் அது சரியே. ஆனால் நினைவு எம்மொழியில் சரிபார்க்கப்பட்டது, ஆண்டைச் சொன்னவர் தாயா மகளா என்ற இரண்டுக்குமான சான்று அந்த ஐந்து நொடியில்தான் இருந்தது. படத்தை மட்டும் பார்க்கும் ஆய்வாளர், அந்த அம்மாவை இந்தி பேசியவர் என்றே எழுதிவிடுவார்.

எல்லாவற்றையும் பொதுவெளியில் வைத்துவிடலாம் என்பதன்று என் கருத்து. 1992–93 கலவரங்களுக்குப் பின் பேசியவர்கள் ஒரு படத்துக்காக இசைந்தவர்கள். கேமரா நின்றுவிட்டதென்று எண்ணிச் சொன்ன பெயர்களும் மூலப் பதிவில் இருக்கக்கூடும். அங்கே தொகுப்பு ஒரு பாதுகாப்பும்கூட. பாதுகாத்தல் வேறு, வெளியிடுதல் வேறு. முன்னதற்குத் தயங்கக் காரணமில்லை.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் ஏலம் 2022 நவம்பரில் முடிந்துவிட்டது. தெருக்களின் வடிவம் மாறும்போது, அத்தெருக்களில் எடுக்கப்பட்ட பதிவுகளுக்கு மாற்று இராது. கேசட்டை இயக்கும் கருவிகளும் அருகிவருகின்றன. கணினிக்குப் பதிவை மாற்ற உதவிய ஃபயர்வயர் இணைப்பு புதிய கணினிகளில் இல்லை. களப்பணிக் கேசட் வைத்திருக்கும் நண்பர்கள், இவ்வாண்டே அவற்றை வெட்டாமல் முழுமையாகக் கணினிக்கு மாற்றி, இரு இடங்களில் படியெடுத்து வையுங்கள். உடன் ஓர் எளிய உரைக்கோப்பில் நாள், தெரு, பேசுவோரின் சொந்த ஊர், கேள்வி கேட்ட மொழி, இசைவு எதுவரை என்ற விவரங்களையும் எழுதுங்கள். கேள்வி கேட்டவரின் பெயரையும் விட்டுவிடாதீர்கள்.