பால் கொடுக்காதே என்ற ஊர்

வன்னியில் அக்கராயனில் குடும்பநல மாதாக இருந்த காலம் முழுக்க நான் தாய்மாருக்குச் சொன்னது ஒன்றுதான்: ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம், பிறகு சாப்பாட்டோடு இரண்டு வயது தாண்டியும் கொடுக்கலாம். 2008இல் போரால் ஊரே இடம்பெயர்ந்து தரப்பாள் கொட்டில்களில் கிடந்தபோது, பால் வற்றிய தாயின் பிள்ளைக்குப் பக்கத்துக் கொட்டில் பெண் தன் பிள்ளையோடு சேர்த்து ஊட்டினாள்.

அப்படி வேலை செய்தவளுக்கு, ஜப்பானின் நாகசாகியில் 1987 முதல் சில தாய்மாரைப் பால் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவந்தார்கள் என வாசித்தபோது மனம் ஒப்பவில்லை. காரணத்தைத் தேடிப் படித்தேன்.

காரணம் எச்.ரி.எல்.வி-1 என்ற வைரஸ். எச்.ஐ.வி.க்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் அதற்கு முன்பே, 1980இல், அமெரிக்காவில் றொபேட் கலோவின் ஆய்வுகூடத்தில் அகப்பட்டது. 1977இலேயே கியோட்டோவில் தக்காட்சுக்கி என்ற மருத்துவர் ஒரு புதுவகை இரத்தப் புற்றுநோயை விவரித்திருந்தார். நோயாளிகளில் அநேகர் தெற்கே கியூஷூ தீவில் பிறந்தவர்கள். நோய் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, குழந்தைப் பருவத்தில், தாய்ப்பாலோடு, அதற்குக் காரணமான இந்த வைரஸ் உடம்புக்குள் போயிருந்தது. பாலுறவாலும் இரத்தத்தாலும்கூட அது தொற்றும்.

1985இல் கரீபியனின் மார்ட்டினிக் தீவிலும், 1986இல் ஜப்பானின் ககோஷிமாவிலும் வைரஸின் இன்னொரு முகம் தெரிந்தது: கால்கள் மெல்ல மெல்ல விறைத்து, நடை தளர்ந்து, சலம் போவதும் கட்டுப்பாட்டை இழக்கும். தென்னிந்தியாவில் கால் விறைத்துப்போன நோயாளிகளைப் பற்றி கே. எஸ். மணியும் சகாக்களும் 1969இலேயே எழுதியிருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் இந்த வைரஸ்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

இந்த வைரஸ் வெண்குருதிக் கலத்தின் மரபணுவுக்குள் புகுந்துகொள்ளும். கலம் இரண்டாகப் பிரிய, அதுவும் இரண்டாகும். அதனால் எச்.ஐ.வி. மருந்துகள் இதனிடம் பெரிதாக எடுபடுவதில்லை. சாகும்வரை கூடவே இருக்கும். ஆனாலும் உலகில் இதோடு வாழும் 50 லட்சம் முதல் ஒரு கோடிப் பேரில் பெரும்பாலானோருக்கு இதனால் ஒரு வருத்தமும் வருவதில்லை. இரத்ததானம் செய்யாமல், ஆணுறை பாவித்து, கால் விறைத்தால் உடற்பயிற்சி செய்து வாழ்கிறார்கள்.

நாகசாகியில் கர்ப்பிணிகளின் இரத்தத்தைப் பார்த்து, தொற்று இருந்தவர்களுக்குப் பால்மாவைப் பரிந்துரைத்தார்கள். நீண்ட காலம் தாய்ப்பால் குடித்த பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 20 பேருக்குத் தொற்றியது, பால்மா குடித்தவர்களில் இரண்டு மூன்றாகக் குறைந்தது. 2011இல் அந்தப் பரிசோதனை ஜப்பான் முழுவதற்கும் வந்தது.

நாகசாகித் தாயிடம் சுத்தமான தண்ணீரும், பால்மா வாங்கக் காசும், கையில் பரிசோதனை முடிவும் இருந்தன. கோடையில் கிணறு வற்றும் வன்னியில் அழுக்குப் போத்தலால் வரும் வயிற்றோட்டம் பிள்ளையை அந்த வைரஸைவிட வேகமாகக் கொண்டுபோகும். ஆகவே இன்றும் கேட்பவளிடம், “பயப்பிடாமல் பாலைக் குடு, பிள்ளை” என்றே சொல்வேன். தொற்று உறுதியான தாய்க்கு மட்டும் வேறு ஆலோசனை வேண்டும். அவளைக் குற்றவாளியாக்காமல் அதைச் சொல்ல வேண்டும். அவளுக்கும் அநேகமாக அது தன் தாய் அறியாமல் ஊட்டிய பாலில் வந்ததுதான்.