பதுளையின் ரத்தக் கணக்கு

பதுளைப் பக்கத்து நமுனுகுல மலையின் உயரம் 2,036 மீட்டர். மேலே பனியும் தேயிலையும். பசறை, லுணுகலை வழியாகக் கீழே இறங்கினால் பிபிலைக்கு முன்பே வெயில் சுடத் தொடங்கிவிடும். ஒரு காலத்தில் மலேரியா ஆண்ட பூமி அது. தோட்டங்களுக்கு ஆள் வந்த வழியும் அப்படித்தான்: மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டைக் கடந்து, மாத்தளை வரை காய்ச்சலோடு நடந்த நடை.

மலேரியா வாட்டிய நாடுகளில் தலசீமியா என்ற ரத்த நோயின் மரபணு ஏன் நிலைத்தது என்பதற்கு 1949இல் மரபியலாளர் ஹால்டேன் ஒரு விளக்கம் சொன்னார். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அதை வாங்கியவருக்கு மலேரியாவிடம் கொஞ்சம் காப்பு உண்டு. தாய், தகப்பன் இருவரிடமும் வாங்கிய பிள்ளைக்கோ ஆயுள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டும். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. காய்ச்சல் போய்விட்டது, மரபணு போகவில்லை.

நாட்டின் 23 மையங்களில் எடுத்த ஒரு கணக்கில் 1,774 தலசீமியா நோயாளிகள் இருந்தார்கள். குருநாகலைப் போலப் பதுளையும் பெரிய மையங்களில் ஒன்று. தோட்டத்துப் பிள்ளைக்கு ரத்தம் ஏற்றும் நாளில் தாய் மலைக்குப் போக முடியாது. அன்றைக்குப் பேர் இல்லை, நாட்கூலியும் இல்லை.

ஏற்றிய ரத்தத்தோடு இரும்பும் உடம்பில் சேர்கிறது. இதயத்திலும் ஈரலிலும் படியும் அதை இறக்கத்தான் டெஸ்ஃபெரால் வந்தது. வயிற்றுத் தோலுக்கடியில் மெல்லிய ஊசி, அதோடு இணைந்த சிறு பம்ப். வாரத்தில் ஐந்து இரவு, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் அது துளித்துளியாக மருந்தைத் தள்ளும். ஊசி குத்திய இடம் தடித்து அரிக்கும். புரண்டு படுக்கப் பழகாத சின்னப் பிள்ளைக்கு, நெருக்கமான லயத்து அறையில், அந்த இரவு எப்படிக் கழிந்திருக்கும்! பிறகு மாத்திரைகள் வந்தன.

எலும்பு மஜ்ஜையில் ரத்தத்தை உண்டாக்கும் தாய்க்கலங்களையே மாற்றும் வழி 1981 டிசம்பரில் திறந்தது. அமெரிக்காவின் சியாட்டிலில் மருத்துவர் தாமஸ் குழுவினரும் இத்தாலியின் பெசாரோவில் மருத்துவர் லூக்கரெல்லியும் அதே மாதத்தில் தலசீமியா பிள்ளைகளுக்கு மஜ்ஜை மாற்றினார்கள். 1986இல் வேலூர் சி.எம்.சி.யிலும் அது தொடங்கியது. உடன்பிறந்த ஒருவரின் மஜ்ஜை பொருந்த நாலில் ஒரு வாய்ப்புத்தான். பெசாரோ மருத்துவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள்: ஈரல் வீங்காமல், இரும்பை ஒழுங்காக இறக்கிய பிள்ளைக்கே இது நன்றாகப் பலிக்கிறது. பதுளை வார்டின் பழைய பம்ப், சியாட்டில் அறிவியலுக்கு முன்நிபந்தனையாகிவிட்டது.

இனி வருவது, நோயாளியின் சொந்தத் தாய்க்கலத்தையே திருத்தித் திருப்பி ஏற்றும் முறை. அந்த வகையில் 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த காஸ்கெவி சிகிச்சைக்கு அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் விலை. கொழுந்துக் கூலிக்கு அது எந்த மூலை! வேலூரிலிருந்து வரும் செய்திதான் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐந்து பேரின் தாய்க்கலங்களில் மரபணுவைச் சேர்த்த சோதனையின் முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. சிகிச்சை பலித்த பிறகு அவர்களுக்கு ரத்தக்கசிவு நின்றிருந்தது.

வியாபாரம் மட்டும் விலை இறங்கும் வரை காத்திருக்கவில்லை. தாய்க்கலங்கள் உள்ள தொப்புள்கொடி ரத்தத்தைக் காசு கட்டிச் சேமித்து வைக்கச் சொல்லும் கம்பெனிகள் சென்னையிலும் உண்டு. தலசீமியா பிள்ளையின் கொடி ரத்தத்தில் இருப்பதும் அதே பழுதான மரபணுதான் என்பதைப் பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற நிலைபெற்ற சிகிச்சை தவிர மற்ற தாய்க்கலப் பயன்பாடுகளைச் சோதனையாக மட்டுமே செய்யச் சொல்கிறது.

இலங்கையில் உறுப்பு, திசு மாற்றுக்குரிய சட்டம் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கம். மருந்துகளுக்கான அதிகார சபை 2015ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. ஆய்வுக்கூடத்தில் திருத்திய உயிரணு திசுவா, மருந்தா? காஸ்கெவி போன்ற ஒன்று கொழும்புக்கு வரும் நாளில் முதலில் எழப்போவது இந்தக் கேள்விதான். அதுவரை பதுளையில் உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பிள்ளைகளிடம் பார்த்து மாத்திரையைக் கூட்டிக் குறைக்கும் வேலை நடந்தாக வேண்டும்.