ஃபென்-ஃபென்: இரு பசியடக்கிகளின் கூட்டு வரலாறு

அமெரிக்க மருத்துவர்கள் உடல் பருமனுக்கு எழுதிக்கொடுத்த பசியடக்கி மருந்துகளுள் ஃபென்டெர்மின் 1959இலும் ஃபென்ஃப்ளூரமின் 1973இலும் அந்நாட்டு அரசின் ஒப்புதலைப் பெற்றன. பசியைக் குறைப்பதே இரண்டின் நோக்கமெனினும் அவை செயற்படும் வழிகள் வேறு. ஆம்ஃபிடமின் வகையைச் சார்ந்த ஃபென்டெர்மின், விழிப்பைத் தூண்டும் நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருளை மிகுவித்துப் பசியோடு உறக்கத்தையும் குறைத்தது. ஃபென்ஃப்ளூரமினோ, வயிறு நிறைந்த உணர்வோடு தொடர்புடைய செரட்டோனினை மிகுவித்து, உட்கொண்டோருக்குத் தூக்கக் கலக்கத்தைத் தந்தது.

ஒன்றின் தொல்லையை மற்றொன்று ஈடுசெய்யும் என்று கருதிய ரோச்செஸ்டர் பல்கலைக்கழக மருத்துவர் மைக்கேல் வைன்ட்ராப், இரண்டையும் குறைந்த அளவில் சேர்த்து 121 பேரைக் கொண்டு ஆராய்ந்து, முடிவுகளை 1992இல் வெளியிட்டார். அதன்பின் 'ஃபென்-ஃபென்' என்று பெயர்பெற்ற இக்கூட்டு காட்டுத்தீயெனப் பரவி, 1996இல் மட்டும் இவ்விரு மருந்துகளுக்கான சீட்டுகள் 1.8 கோடியைத் தாண்டின. ஒவ்வொன்றும் தனித்தனியே, குறுகிய காலப் பயன்பாட்டுக்கென்றே ஒப்புதல் பெற்றிருக்க, ஒப்புதலே பெறாத கூட்டை மக்கள் மாதக்கணக்கில் உட்கொண்டனர். 1960களில் ஐரோப்பாவில் விற்கப்பட்ட அமினோரெக்ஸ் என்னும் பசியடக்கி, நுரையீரல் தமனிகளில் இரத்த அழுத்தத்தை உயர்த்திப் பலரைக் கொன்றிருந்த நிலையில், இந்த அவசரம் மன்னிக்கத்தக்கதன்று.

இக்கூட்டை உட்கொண்ட, இதயநோய் வரலாறே இல்லாத 24 பெண்களின் இதய வால்வுகள் பழுதுற்றிருந்ததை மேயோ கிளினிக் மருத்துவர்கள் 1997இல் அறிவித்தனர். அறுவைக்கு உள்ளான சிலரின் வால்வுகள் தடித்து, பளபளக்கும் வெண்ணிறப் படலம் போர்த்தியவையாய்க் காணப்பட்டன. செரட்டோனினை மிகுதியாகச் சுரக்கும் கார்சினாய்டு என்னும் கட்டி உடையோரிடம் மருத்துவர்கள் முன்பே கண்டிருந்த சிதைவும் இதுவே. ஃபென்ஃப்ளூரமின் உடலில் சிதைந்து உண்டாகும் பொருள், வால்வுச் செல்களின் மேலுள்ள செரட்டோனின் ஏற்பிகளைத் தூண்டி அச்செல்களைப் பெருகச் செய்கிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

1997 செப்டம்பரில் ஃபென்ஃப்ளூரமினும், அதன் மறுவடிவாக முந்தைய ஆண்டுதான் ஒப்புதல் பெற்றிருந்த டெக்ஸ்ஃபென்ஃப்ளூரமினும் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. செரட்டோனின் வழியே முதன்மையாகச் செயற்படாத ஃபென்டெர்மின் மட்டும், இதய நோயாளிகளுக்கு ஆகாது என்ற எச்சரிக்கையுடன் இன்றும் குறுகிய காலத்துக்கு எழுதப்படுகிறது. ஃபென்ஃப்ளூரமினோ, டிராவெட் நோய்க்குறி என்னும் கடுமையான குழந்தைப்பருவ வலிப்புக்கான மருந்தாக 2020இல் மீண்டும் ஒப்புதல் பெற்றது. அதை உட்கொள்வோர் தொடங்கும் முன்னரும் பின்னர் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் இதய எக்கோ பரிசோதனைக்கு உட்பட வேண்டும் என்பது விதி.