தாரோ ஊரின் சுவர்

'சுனாமி' என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்த நாடு ஜப்பான். அதன் வடகிழக்கே, சன்ரிக்கு கடற்கரையில் தாரோ என்ற மீனவர் ஊர் இருக்கிறது. 1896-ல் சுமார் 15 மீட்டர் உயர அலை வந்து அங்கே 1,800 பேருக்கு மேல் இறந்தார்கள். 1933-ல் மறுபடியும் அலை. இம்முறை உயரம் சுமார் 10 மீட்டர், பலி 900-க்கு மேல்.

இரண்டு முறை அடிபட்ட ஊர் சுவர் கட்ட முடிவு செய்தது. 1934-ல் தொடங்கிய வேலை, போரினால் நடுவில் நின்று, 1958-ல்தான் முடிந்தது. சுவரின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 10 மீட்டர். அதாவது, கடைசியாக வந்த அலையின் அளவு!

1960-ல் சிலி நாட்டு நிலநடுக்கத்தின் அலை பசிபிக்கைக் கடந்து வந்து ஜப்பானில் பல ஊர்களை அழித்தது. தாரோவில் பெரிய சேதம் இல்லை. அங்கே வந்த அலையே சிறியது. ஆனால் பெயர் சுவருக்குக் கிடைத்தது. சீனப் பெருஞ்சுவர் என்றே அதைச் சொன்னார்கள். கடலோரமாக இன்னொரு சுவர் எழும்பியது. இரண்டுக்கும் நடுவே வீடுகள் வந்தன.

2011 மார்ச் 11 அன்று வந்த முதல் எச்சரிக்கை, அந்த மாநிலத்துக்கு 3 மீட்டர் அலை என்றது. 10 மீட்டர் சுவருக்குப் பின்னால் இருப்பவர் எதற்கு ஓட வேண்டும்? அலையோ சுவரையே தாண்டியது. கடலோரச் சுவர் உடைந்தது. ஏறத்தாழ 200 பேர் போனார்கள்.

அதே கரையில், வடக்கே ஃபுதாய் என்ற கிராமம். 1933-ன் பிணங்களைக் கண்ணால் பார்த்த கோத்தோக்கு வாமுரா அங்கே நீண்ட காலம் தலைவராக இருந்தவர். 1896-ன் அலையை மனதில் வைத்து, மதகு 15.5 மீட்டர் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். வீண் செலவு என்றார்கள். 1984-ல் கட்டி முடித்தார். 2011-ல் தண்ணீர் மதகின் மேலும் வழிந்தது, ஆனால் வீடுகள் வரை வரவில்லை. படகைப் பார்க்கத் துறைமுகத்துக்குப் போன ஒருவர் மட்டும் காணாமல் போனார்.

இரண்டு ஊருக்கும் அனுபவம் ஒன்றுதான். தாரோ கடைசி அலையை வைத்து அளந்தது. வாமுரா பெரிய அலையை வைத்து அளந்தார். சின்ன ஆபத்தில் தப்பித்த அனுபவம் பல நேரம் பயத்தைப் போக்கிவிடுகிறது, ஆபத்தைப் போக்குவதில்லை.

தாரோவில் பிறகு 14.7 மீட்டர் உயரத்துக்குப் புதிய சுவர் கட்டினார்கள். கூடவே, பல குடும்பங்கள் மேட்டு நிலத்துக்கு வீட்டை மாற்றிக்கொண்டன. சுவரை எவ்வளவு நம்பலாம் என்பதை அந்த ஊர் இப்படித்தான் கற்றுக்கொண்டது.