மைகோ பம்ப்பில் இருந்து மஞ்சள் லைட் வரை

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவுல சுமார் 40 கிலோமீட்டர். பழைய என்.எச். 45. திருச்சி பக்கம் இருந்து சென்னைக்குப் போற லாரி பெரும்பாலும் இந்த வழிதான். லாரி ரிப்பேர்ங்கிற தொழில் எழுபது வருஷத்துல எப்படித் தலைகீழா மாறிச்சுன்னு இந்த ரோட்டோரப் பட்டறைகளை வெச்சே ஒரு குட்டி வரலாறு எழுதிடலாம். அதைத்தான் முயற்சி பண்றேன்.

1948-ல் ரகுநந்தன் சரண் ஆரம்பிச்ச அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆச்சு. 1954-ல் டாடாவும் பென்ஸும் சேர்ந்து ஜாம்ஷெட்பூர்ல லாரி தயாரிக்க ஆரம்பிச்சாங்க. 1951-ல் தொடங்கின மைகோ, டீசல் பம்ப்புக்கே இன்னொரு பேரா ஆகிடுச்சு.

அந்தக் கால இன்ஜின்ல கம்ப்யூட்டர் கிடையாது. கோளாறு கண்டுபிடிக்க கண்ணும் காதும் போதும். கரும்புகைன்னா டீசல் அதிகம், இல்லேன்னா காத்து கம்மி. நீலப்புகைன்னா ஆயில் எரியுது. வெள்ளைப்புகைன்னா டீசல் சரியா எரியலை. எந்த சிலிண்டர் மக்கர்னு தெரியணுமா? ஓடுற இன்ஜின்ல நாசில் பைப்பை ஒவ்வொண்ணா லூஸ் பண்ணுவாங்க. எதை லூஸ் பண்ணும்போது சத்தம் மாறலையோ, அந்த சிலிண்டர்தான் ஏற்கெனவே வேலை செய்யலை. நாங்க ஆபீஸ்ல பக் பிடிக்கிறதும் இதே கதைதான், ஏசி மட்டும் எக்ஸ்ட்ரா :-)

அப்புறம் புகை விதிகள் வந்துச்சு. 2000-ல் முதல் கட்டம். 2010-ல் பிஎஸ் 3 நாடு முழுக்க. 2017 ஏப்ரல் 1 பிஎஸ் 4, 2020 ஏப்ரல் 1 பிஎஸ் 6. நடுவுல பிஎஸ் 5-ஐத் தாண்டிக் குதிச்சாச்சு. பிஎஸ் 4-ல பல கம்பெனிங்க யூரியாக் கரைசல் தெளிக்கிற முறைக்குப் போனப்போ, அசோக் லேலண்ட் மட்டும் ஐஇஜிஆர்னு யூரியா இல்லாத எளிய வழியைப் பிடிச்சாங்க. ஆனா பெரிய டீசல் இன்ஜின் விடலாம்னு இருந்த நைட்ரஜன் ஆக்சைடு அளவு 3.5 கிராம்ல இருந்து (ஒரு கிலோவாட் மணிக்கு) பிஎஸ் 6-ல 0.4 கிராமுக்கு இறங்கிடுச்சு. யூரியா டேங்க் எல்லாருக்கும் வந்துச்சு. கூடவே சைலன்சர்ல நாக்ஸ் சென்சாரும்.

இன்னொரு சங்கதி. 2015 செப்டம்பர்ல ஃபோக்ஸ்வேகன் கார்கள் டெஸ்ட் நேரத்துல மட்டும் நல்ல பிள்ளையா நடிச்சது அமெரிக்காவுல அம்பலமாச்சு. திருட்டுத்தனம் பண்ணினது சாஃப்ட்வேர் (எங்க இனம்தான், என்ன செய்ய!). இன்ஜினை நம்பாம அதையே கண்காணிக்கச் சொல்ற வழக்கம் அதுக்கும் முன்னாடியே, 1988 மாடல் கார்கள்ல கலிஃபோர்னியாவுல ஆரம்பிச்சது. இப்போ அது நம்ம லாரிக்கும் வந்தாச்சு. யூரோ 6 முறைப்படி, கோளாறைக் கவனிக்காம விட்டா முதல்ல டார்க் 25 சதவீதம் குறையும். அப்புறமும் விட்டா மணிக்கு 20 கிலோமீட்டர்தான். லோடோட ஊர்ந்து போக வேண்டியதுதான்.

இதுல மாட்டினது எங்க சித்தப்பா. ஒரே ஒரு பிஎஸ் 6 லாரி, அதுவும் டியூல. மஞ்சள் லைட் எரியும், விழுப்புரத்துல ஒரு இடத்துல நாக்ஸ் சென்சார் மாத்துவாங்க, நாலு நாள்ல திரும்ப எரியும். ரெண்டு தடவை சென்சார் மாத்தியாச்சு. லாரி நின்னாலும் டியூ நிக்காதே.

மூணாவது தடவை திண்டிவனத்துல ஒரு வயசான எலெக்ட்ரீஷியன். ஸ்கேனர்ல வந்த கோடு எஸ்பிஎன் 3226, எஃப்எம்ஐ 9. முதல் நம்பர் எந்தப் பொருள்னு சொல்லும்: வெளிப்பக்க நாக்ஸ். ரெண்டாவது நம்பர் என்ன கோளாறுன்னு சொல்லும். 9-ன்னா எதிர்பார்த்த நேரத்துக்குத் தகவல் வரலைன்னு அர்த்தம்.

"தம்பி, சென்சார் பேச்சு வரலைன்னுதான் சொல்லுது. செத்துப்போச்சுன்னு சொல்லலையே" என்றார்.

பேட்டரியைக் கழட்டினார். சென்சார் கப்ளரைப் பிடுங்கி, அதுக்கு வர்ற ரெண்டு கேன் ஒயருக்கு நடுவுல மல்டிமீட்டர் வெச்சார். 60 ஓம். அதுதான் சரியான அளவு. லைனோட ரெண்டு முனையிலயும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும், ரெண்டும் பேரலல்ல சேர்ந்தா 60. அப்புறம் ஒயர் கட்டை ஒரு கையால ஆட்டிக்கிட்டே வந்தார். சேசிஸ் ஓரத்துல ஒரு கிளாம்ப் கிட்ட ஆட்டினதும் மீட்டர் ஓப்பன் காட்டிச்சு. ஒயர் உரசி உரசி உள்ளே செம்பு ஒண்ணு ரெண்டு இழைல தொங்கிட்டிருந்தது. வண்டி குலுங்கினா விடும், நின்னா ஒட்டும். வெட்டி ஒட்டி, ஸ்லீவ் போட்டு, கிளாம்பை நகர்த்தினார். லைட் அதோட வரலை.

யோசிச்சுப் பாத்தா அந்தக் கால நாசில் பைப் டெக்னிக்தான் இது. ஒவ்வொண்ணா விலக்கிப் பாக்குறது. ஸ்பேனர் போய் மீட்டர் வந்திருக்கு, அவ்வளவே. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. நாசில் பைப்பைக் கழட்ட யார் அனுமதியும் வேணாம். கோடு படிக்க ஸ்கேனர் வேணும், அர்த்தம் புரிய கம்பெனி மேனுவல் வேணும், ஒயரிங் படம் வேணும். அதெல்லாம் ரோட்டோரப் பட்டறைக்கு லேசுல கிடைக்கிறதில்லை. 2022 டிசம்பர்ல மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு ஒரு இணையதளம் தொடங்கினப்போ வாகனத் துறையையும் அதுல சேர்த்தாங்க. நல்ல ஆரம்பம்.

காத்து சுத்தமாகணும், அதுல எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனா அதுக்கான செலவு, ஒயர் போனதுக்கு ரெண்டு சென்சார் வாங்கின ஒத்த லாரிக்காரர் தலைல விழக்கூடாது. சென்சார் விலைல பத்துல ஒரு பங்கு கூட அந்த ரிப்பேருக்கு ஆகலை. அந்தப் பெரியவர் மாதிரி ஆட்கள் கைல தகவல் போய்ச் சேரணும். மூளை அங்கே ஏற்கெனவே இருக்கு.