பல்கலைக்கழக மாணவரின் உறக்கத் தரமும் அறிவுத்திறனும்

படுக்கையில் கிடந்த நேரத்தை மட்டும் கொண்டு உறக்கத்தின் தரத்தை அளக்க முடியாது. படுத்ததும் எவ்வளவு விரைவில் கண்ணயர்கிறோம், இடையில் எத்தனை முறை விழிப்பு வருகிறது, மறுநாள் பகலில் சோர்வு எவ்வளவு என்பவற்றையும் சேர்த்தே தரம் கணிக்கப்படுகிறது. 1989-இல் டேனியல் பைஸ்ஸியும் பிறரும் வெளியிட்ட பிட்ஸ்பர்க் உறக்கத் தர அளவீடு இவற்றை 7 கூறுகளாக்கி, 0 முதல் 21 வரை மதிப்பெண் தருகிறது. 5-ஐத் தாண்டினால் உறக்கம் குறைபாடுடையது. ஐதராபாத்தின் தொழிற்பேட்டைப் பகுதியான சனத்நகரில் 2016-இல் தொடங்கிய இ.எஸ்.ஐ.சி. மருத்துவக் கல்லூரி போன்ற நிறுவனங்களின் மாணவர்களுக்கு இந்த அளவீடு நேரடியாகப் பொருந்தும். பகலில் வகுப்பும் வார்டும், இரவில் பாடமும், பயிற்சி மருத்துவரானபின் நைட் டூட்டியும் என்பதே மருத்துவ மாணவரின் வாழ்க்கைமுறை.

மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் வேதியியல் வகுப்பு மாணவர்களைக் கைப்பட்டைக் கருவியால் கண்காணித்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில், மதிப்பெண் வேறுபாட்டில் ஏறத்தாழ 25 விழுக்காடு உறக்கத்தின் அளவு, தரம், ஒழுங்கு ஆகியவற்றோடு தொடர்புடையதாக இருந்தது. தேர்வுக்கு முந்தின இரவின் உறக்கத்துக்கு மட்டும் அத்தகைய தொடர்பு தென்படவில்லை. படித்தது மனத்தில் பதிவது பல இரவுகளின் வேலை என்பதோடு இது ஒத்துப்போகிறது. பாடத்தில் பின்தங்கியவருக்குத்தான் கவலையால் தூக்கம் கெடுகிறது, தூக்கக்கேடு காரணமன்று, விளைவே என்று வாதிடலாம். உறக்க ஆய்வாளர் வான் டாங்கென் குழுவின் 2003-ஆம் ஆண்டுச் சோதனை அதற்கு விடை தருகிறது. அதில் 14 நாள் தொடர்ந்து 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கவைக்கப்பட்டவர்களின் கவனமும் செயல் நினைவும், ஓரிரு இரவுகள் முழுக்க விழித்திருந்தவர்களின் அளவுக்குச் சரிந்தன. அவர்களுக்கோ தாம் சரிந்தது சரியாகத் தெரியவில்லை. 'எனக்கு 6 மணி நேரம் போதும்' என்ற பேச்சை அதனால் சான்றாகக் கொள்ள இயலாது.

சென்னையின் ஏழை உழைப்பாளர்களிடையே நடந்து 2021-இல் வெளியான ஆய்வு, உறக்கத்துக்கும் அறிவுத்திறனுக்கும் உள்ள தொடர்புக்கு வலுவான மறுப்பாகத் தோன்றலாம். படுக்கையில் சுமார் 8 மணி நேரம் கழித்தும் அவர்கள் உறங்கியது ஏறத்தாழ 5.5 மணி நேரமே. இரவுத் தூக்கத்தை 27 நிமிடம் கூட்டியபோதும் அறிவுத்திறன் உயரவில்லை. ஆனால் அதே ஆய்வில், பணியிடத்தில் அமைதியான சூழலில் போட்ட பகல் குட்டித்தூக்கம் பலன் தந்தது. வெக்கையிலும் இரைச்சலிலும் கலைந்து கலைந்து வரும் தூக்கத்தை நீட்டினால் மட்டும் போதாது என்றே இதைப் படிக்க வேண்டும். ஆகவே 'சீக்கிரம் படு' என்று மாணவருக்கு அறிவுரை சொல்வதோடு கல்லூரியின் பொறுப்பு முடிவதில்லை. முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கு நியாயமான ஓய்வு தரவேண்டும் என 2023-ஆம் ஆண்டின் முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறையே கூறுகிறது. விடுதி அறையின் அமைதியும் டூட்டி அட்டவணையின் ஒழுங்கும் இல்லாமல் அந்த ஓய்வு உறக்கமாகாது.