கண்ணாடி தேய்த்த பக்ரறித் தொழிலாளர்கள்

நான் வேலை செய்யும் பக்ரறியில் ஒரு மூலையில் பழைய மெசின் ஒன்று நிற்கிறது. அங்கே வேலை செய்யும் தமிழ்ப் பெடியள் நாங்கள் அதற்கு வைத்த பெயர் "நிழல் மெசின்". கடைந்து முடித்த திருகாணி ஒன்றை எடுத்து அதன் மேடையில் வைத்து லைற்றைப் போட்டால், ஆணியின் நிழல் முன்னாலுள்ள வட்டத் திரையில் இருபது மடங்கு பெரிதாக விழும். புரி சரியோ பிழையோ என்று அந்த நிழலைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒன்பது வருடமாக நான் நிழல் பார்த்துத்தான் சம்பளம் எடுக்கிறேன். இந்த வகை மெசினை உண்டாக்கிய இரண்டு பேரும் நட்சத்திரம் பார்க்கிற பைத்தியங்கள் என்ற கதை எனக்குத் தெரிய வந்தது மூன்று வருடத்துக்கு முன்னர்தான். பென்சனுக்குப் போகவிருந்த ஒரு சுவிஸ்காரர் சாப்பாட்டு இடைவேளையில் அதைச் சொன்னார்.

நான் உயர்தரம் வரைக்கும் படித்தவன். சரித்திரம் எழுதுவதற்குப் பட்டம் எதுவும் கையில் இல்லை. ஆனாலும் இந்தக் கதையில் வருகிறவர்களில் அநேகம் பேருக்கும் பட்டம் இருக்கவில்லை. அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் வாசகர்கள் பொறுத்தருள்க.

அமெரிக்காவின் வடகிழக்கில் வெர்மொன்ற் மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்ட் என்றொரு சின்னப் பட்டணம். அந்த நாளில் அங்கே எந்தத் தெருவில் திரும்பினாலும் மெசின் செய்கிற பக்ரறிதான். அவற்றில் ஒன்று ஜோன்ஸ் அன்ட் லம்சன் கம்பனி. அதன் தலைவர் ஜேம்ஸ் ஹார்ட்னஸ், பின்னர் 1921 முதல் 1923 வரை மாநில ஆளுநராகவும் இருந்தவர். வெர்மொன்ற் குளிரில் வெளியே நின்று வானம் பார்க்க முடியாமல், தன் வீட்டு வளவிலேயே உள்ளே சூடாக இருந்துகொண்டு பார்க்கிற மாதிரி ஒரு தொலைநோக்கியை 1910இல் கட்டினவர். முதலாளிமாரில் இப்படியும் ஒருவர்!

மற்றவர் ரசல் போர்ட்டர். 1871இல் அதே ஊரில் பிறந்தவர், கட்டடக்கலை படித்தவர், நல்லாய்ப் படம் கீறுவார். வடதுருவப் பக்கம் போன பயணக் குழுக்களோடு பலமுறை போனவர். 1903இல் போனபோது அவர்களின் கப்பலைப் பனிக்கட்டி நெரித்து உடைத்துவிட்டது. 1905இல் மீட்புக் கப்பல் வரும்வரை பனிக்குள்ளேதான் சீவியம். ஊர் திரும்பி, கடலோரக் கிராமம் ஒன்றில் இருந்தபோது, தொலைநோக்கிக்கு வேண்டிய கண்ணாடியைத் தானே தேய்த்துச் செய்யப் பழகிக்கொண்டார். 1919இல் ஹார்ட்னஸ் அவரைத் தன் கம்பனிக்கு எடுத்தார். அங்கே இருவரும் சேர்ந்து உண்டாக்கியதுதான் திருகாணியின் நிழலைப் பெருப்பித்துக் காட்டுகிற அந்த மெசின்.

1920ஆம் ஆண்டு ஓகஸ்டில் போர்ட்டர் ஒரு வகுப்பு வைத்தார். வந்தவர்கள் பதினைந்து ஆண்கள், ஒரே ஒரு பெண். பெரும்பாலும் பக்ரறித் தொழிலாளர்கள். பகல் முழுக்க இரும்போடு மாரடித்துவிட்டு, வேலை முடிந்த பிறகு கண்ணாடி தேய்க்க வந்தவர்கள். அக்காலத்தில் ஒரு நல்ல தொலைநோக்கியைக் கடையில் வாங்குவது தொழிலாளி நினைத்துப் பார்க்கக்கூடிய காரியம் அல்ல. பார்க்க ஆசை இருந்தால் செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எப்படிச் செய்வார்கள் என்பதைக் கொஞ்சம் விபரமாகச் சொல்ல வேண்டும். எனக்கு இதில்தான் விருப்பம் அதிகம். ஒரே அளவில் இரண்டு தடித்த வட்டக் கண்ணாடிகள். ஒன்றைப் பீப்பாய் மாதிரி ஒரு மேடையில் இறுக்கி, அதன்மேல் கார்பொரண்டம் தூளும் தண்ணியும் போட்டு, மற்றதை மேலே வைத்து முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். தேய்த்துக்கொண்டே மேடையைச் சுற்றி நடக்க வேண்டும். அம்மியில் அரைக்கிற மாதிரித்தான், ஆனால் அம்மியைச் சுற்றி நடந்துகொண்டு அரைப்பது! இப்படித் தேய்க்கத் தேய்க்க மேலே உள்ளது தானாகவே குழியும், கீழே உள்ளது மேடாகும். பிறகு தூளை மாற்றி மாற்றி, மேலும் மேலும் மென்மையான தூளாய்ப் போடுவார்கள். கடைசியில் கீல் பூசிய தட்டில் சிவப்புப் பொடி போட்டு மினுக்குவார்கள். மணிக்கணக்கு அல்ல, வாரக்கணக்கு.

இனித்தான் சோதனை. 1858இல் பூக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த முறை. ஊசித் துவாரம் ஒன்றினூடாக வருகிற வெளிச்சத்தைக் கண்ணாடியில் விழவிட்டு, திரும்பி வந்து குவிகிற இடத்தில் ஒரு சவரக்கத்தி அலகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கே கொண்டு வந்தால், கண்ணாடியின் மேல் ஒரு நிழல் தெரியும். மேடு பள்ளம் எல்லாம் அந்த நிழலில் மலையும் பள்ளத்தாக்குமாய்த் தெரியும். நல்ல கண்ணாடியில் இருக்கக்கூடிய பிழை ஒரு மில்லிமீற்றரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எங்கள் பக்ரறியில் நான் பிடிக்கிற மைக்ரோமீற்றர் நூறில் ஒரு பங்குதான் காட்டும். அதைவிட நூறு மடங்கு நுணுக்கமான வேலையை, சம்பளம் இல்லாமல், வெறுங்கையாலும் ஒரு சவரக்கத்தியாலும் செய்திருக்கிறார்கள். நிழலைப் பார்த்துப் பிழை பிடிக்கிற வித்தை போர்ட்டரின் கையில் இரண்டு இடத்திலும் இருந்தது. எங்கள் மெசினைப் பார்க்கும் போதெல்லாம் இது எனக்கு ஞாபகம் வரும்.

1923 டிசெம்பரில் இவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். ஸ்பிரிங்பீல்ட் தொலைநோக்கி செய்வோர் சங்கம். சொந்தக் கையால் ஒன்று செய்தவர்தான் முழு அங்கத்தவர். (எமது சங்கத்திலும் இப்படி ஒரு சட்டம் வைத்தால் கூட்டத்துக்கு எத்தனை பேர் வருவார்களோ தெரியாது!) அடுத்த ஆண்டு, ஊருக்கு வெளியே ஒரு குன்றின் மேல் ஒரு சின்ன வீட்டையும் தாங்களே கட்டினார்கள். இளஞ்சிவப்பு நிறம். பெயர் ஸ்டெல்லபேன், அதாவது நட்சத்திரங்களின் கோயில்.

1925இல் அல்பேர்ட் இங்கால்ஸ் என்ற பத்திரிகையாளர் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, "சயன்ரிபிக் அமெரிக்கன்" சஞ்சிகையின் நவம்பர் இதழில் எழுதினார். எப்படிச் செய்வது என்று போர்ட்டரே அடுத்து எழுதினார். எங்கெங்கோ இருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. 1926இல் அது புத்தகமாகவும் வந்தது. பின்னர் இரண்டாம், மூன்றாம் பாகங்களும் வந்தன. இங்கால்ஸ் தொடர்ந்து அந்தச் சஞ்சிகையில் ஒரு பகுதி நடத்தி, ஒருவர் கண்டுபிடித்த சுலப வழியை மற்றவர்களுக்கும் தெரியப்படுத்தினார். கண்ணாடி ஓரத்தில் வளைந்து போச்சு, என்ன செய்வது? கீல் இறுகிப் போச்சு, என்ன செய்வது? இப்படியான கேள்விகள். தொழில் இரகசியம் என்று ஒருவரும் பொத்தி வைக்கவில்லை. நாங்கள் பழகின வேலைத்தலங்களில் தெரிந்ததைச் சொல்லித் தராத மேஸ்திரிமார் எத்தனை பேரைக் கண்டிருக்கிறோம்!

1926இலேயே ஸ்டெல்லபேனில் முதல் ஒன்றுகூடலும் நடந்தது. யுத்த காலத்தில் தடைப்பட்டதுண்டு. அந்த யுத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்துக்குக் குறிபார்க்கும் கருவிகளில் பொருத்த ஒருவகை முப்பட்டகக் கண்ணாடி தேவைப்பட்டது. செய்யத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இங்கால்ஸ் இந்த அமெச்சூர்களைத்தான் கூப்பிட்டார். வீட்டு நிலவறைகளில் இருந்து அவர்கள் செய்து கொடுத்தார்கள். சனிக்கிரகத்தின் வளையம் பார்க்கப் பழகின கைகள். அவர்களுடைய யுத்தம் நியாயமானதாய் இருக்கலாம். ஆனாலும் குறிபார்க்கும் கருவியின் மற்றப் பக்கத்தில் இருந்தவன் என்ற முறையில் அந்த இடத்தை வாசிக்கும்போது எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது.

போர்ட்டர் 1928இல் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டார். பலோமர் மலையில் 200 அங்குலக் கண்ணாடியோடு கட்டப்பட்ட பெரிய தொலைநோக்கிக்கு அவர் கீறிய படங்கள் பிரசித்தம். 1948இல் அது திறக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டு காலமானார். ஸ்பிரிங்பீல்டின் மெசின் தொழிலும் பின்னாளில் படுத்துவிட்டது, ஜோன்ஸ் அன்ட் லம்சனும் மூடப்பட்டது. குன்றின் மேலுள்ள சங்கம் மட்டும் மூடப்படவில்லை. இன்றும் கோடையில் தாங்கள் செய்த தொலைநோக்கிகளோடு சனம் வந்து கூடுகிறது.

நாங்கள் வாழும் சுவிஸிலும் இந்த வித்தை இருந்தது. சப்ஹவுசனில் ஹான்ஸ் ரோர் என்பவர் கண்ணாடி தேய்க்கும் வகுப்புகள் நடத்தி, "எல்லோருக்குமான தொலைநோக்கி" என்ற கருத்துப்படும் தலைப்பில் ஜேர்மன் மொழியில் ஒரு புத்தகமும் எழுதினார்.

இதுவரை சொன்னது செய்தவர்களின் கதை. பார்த்தவர்களின் கதையில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

சில நட்சத்திரங்கள் ஒளி கூடிக் குறையும். அவற்றைக் கணக்கெடுக்க 1911இல் வில்லியம் ஒல்கொற் என்ற அமெரிக்க வழக்கறிஞர் ஒரு சங்கம் தொடங்கினார். வேலை சுலபம்: ஒளி அளவு தெரிந்த இரண்டு அயல் நட்சத்திரங்களோடு ஒப்பிட வேண்டும். ஒன்று 8.2, மற்றது 8.8, நீ பார்க்கிறது சரி நடுவில் என்றால் 8.5 என்று எழுது. திகதியும் நேரமும் போட்டு அனுப்பு. அவ்வளவுதான். ஆனால் வருடக்கணக்காகப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு ஆய்வுகூடத்திலும் ஆள் போதாது.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் ராதா கோவிந்த சந்திரா. 1878இல் வங்காளத்தின் ஜெசோர் பகுதியில் பிறந்தவர். பள்ளிக்கூடச் சோதனையில் தேறவில்லை. அரசாங்கத் திறைசேரிக் கந்தோரில் நாணயம் நல்லதோ கள்ளதோ என்று சரிபார்க்கும் வேலை. (நான் ஆணி பார்க்கிறேன், அவர் காசு பார்த்தார்.) 1910இல் ஹலியின் வால்வெள்ளியைக் கண்டதும் ஆசை முற்றி, 1912இல் மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார். 1918 யூனில் கழுகு மண்டலத்தில் புதிய நட்சத்திரம் ஒன்று திடீரென்று பிரகாசித்ததைத் தானாகவே கண்டு, ஹார்வார்ட் ஆய்வுகூடத்துக்கு எழுதினார். அதன் பிறகு ஒல்கொற்றின் சங்கத்தில் அங்கத்தவரானார். இரவிரவாகப் பார்த்து எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். 1926இல் அந்தச் சங்கம், தன் அங்கத்தவரான சார்ல்ஸ் எல்மர் கொடுத்த ஆறு அங்குலத் தொலைநோக்கியைக் கப்பலில் ஏற்றி ஜெசோருக்கு அனுப்பிவைத்தது. முகம் தெரியாத ஒரு கிளாக்கருக்கு, பூமியின் மற்றப் பக்கத்துக்கு, இரவலாக!

1947இல் இந்தியா பிரிந்தது. ஜெசோர் கிழக்குப் பாகிஸ்தானுக்குள் போயிற்று. சந்திரா எல்லை தாண்டி மேற்கு வங்காளத்தில் பராசத்துக்கு வந்தார். அறுபத்தொன்பது, எழுபது வயதில் ஊர் விட்டு வந்த மனிதன் என்னத்தை எடுத்து வருவான்? இரவல் தொலைநோக்கியும் வந்தது. அதில் 1954 வரை பார்த்தார். மொத்தம் 37,000க்கும் மேற்பட்ட கணிப்புகள். பிறகு வயது போய்விட்டது என்று அமெரிக்காவுக்கு அறிவித்தார். அவர்கள் தங்கள் பொருளைத் திருப்பிக் கேட்கவில்லை, அதை வைனு பாப்பு என்ற இளம் விஞ்ஞானிக்குக் கைமாற்றிவிட்டார்கள். 1927இல் சென்னையில் பிறந்த பாப்பு அப்போது நைனிற்றாலில் இருந்தார். 1960இல் கொடைக்கானல் ஆய்வுகூடத்துக்குத் தலைவரானார், பிறகு ஜவ்வாது மலையில் காவலூரில் புதிய ஆய்வுகூடம் அமைத்தார். காவலூர் என்றதும் எங்கள் ஊர்காவற்றுறை ஞாபகம் வரும். இது தமிழ்நாட்டுக் காவலூர். எல்மரின் தொலைநோக்கி கடைசியில் வந்து சேர்ந்தது அங்கேதான். சந்திரா 1975இல் காலமானார்.

இனி என் கதை கொஞ்சம். முதலில் சொன்ன சுவிஸ்காரர் என்னைத் தங்கள் சங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மகளும் வந்தாள். ஊருக்கு வெளியே ஒரு வயல்வெளி, நல்ல இருட்டு. இருபது முப்பது பேர். போனவுடனேயே புத்தி சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அவசரப்பட்டு ரெலஸ்கோப் வாங்காதே, முதலில் ஒரு பைனாகுலர் போதும். வெள்ளை ரோர்ச் அடிக்காதே, சிவப்புத் தாள் ஒட்டு. கண் இருட்டுக்குப் பழக அரை மணித்தியாலம் வேண்டும். ஒருவர் தன் பழைய பைனாகுலரை என் கழுத்திலேயே போட்டுவிட்டு, பிறகு தாரும் என்றார். என் பெயரைக்கூட அவர் அதுவரை கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தால் மேலே ஒரு விமானம் சத்தத்தோடு வந்தது. நான் குனிந்துவிட்டேன். வன்னியில் வளர்ந்தவர்களுக்கு விளங்கும். எங்களுக்கு வானம் என்றால் கிபிர், வண்டு, பரா லைற். 2009க்கு முந்திய கடைசி மாதங்களில் நட்சத்திரம் தெரிகிற தெளிவான இரவு என்றால் பயம்தான், முகில் மூடினால் நிம்மதி. "ஏனப்பா குனியிறீங்கள்?" என்று பிள்ளை கேட்டாள். செருப்பு வார் கழன்றுபோச்சு என்று சொன்னேன். அன்றைக்கு வியாழனின் நாலு சந்திரன்களையும் அவள் எண்ணினாள், நானும் எண்ணினேன்.

அந்தப் பைனாகுலரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, வைத்திரும், வேறு யாருக்காவது தேவைப்பட்டால் கொடும் என்று சொல்லிவிட்டார். பிறகு நானும் ஒன்று வாங்கினேன். ஆகவே இப்போது என்னிடம் இரண்டு இருக்கின்றன.

புத்தாண்டு விழா அன்று சாப்பாடு முடிய, முகில் இல்லாவிட்டால், மண்டபத்துக்குப் பின்னாலுள்ள கார் விடும் இடத்தில் இரவு பத்து மணிபோல் நிற்பேன். தலைக்கு மேலே சப்தரிஷி மண்டலம் தெரியும். அதன் வால் வளைகிற பக்கமாய்க் கண்ணைக் கொண்டு போனால் செம்மஞ்சளாய் ஒன்று, அதுதான் சுவாதி. அதே வளைவில் இன்னும் கீழே தென்கிழக்காக இறங்கினால் வெள்ளையாய் ஒன்று. அதுதான் சித்திரை, இந்த மாதத்துக்குப் பெயர் கொடுத்த நட்சத்திரம். பார்க்க விரும்புகிறவர்கள் வாருங்கள். சின்னப் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், சிவப்பு ரோர்ச் மகள் பிடிப்பாள்.